வெளியூர் ஆளுக்கு வைத்தியச் செலவு: எந்த வாசலில் வசூலிப்பது?

பனியன் கம்பெனி நடத்துகிறவர், அவருக்கு ஆள் பிடித்துத் தரும் காண்ட்ராக்டர், லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர், வார்டு கவுன்சிலர் ஆகிய நால்வரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது இந்த அத்தியாயம். திருப்பூரில் மண்ணரையிலும் ஊத்துக்குளி சாலை நெடுகவும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட், உத்தரப் பிரதேசத்து ஆட்கள் குடியிருக்கிறார்கள். இடையிடையே நேபாளிகளும் உண்டு. அவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் செலவு யாருடையது என்ற பேச்சு பேக்கரி வாசலில் டீ குடிக்கும்போது தொடங்கி வார்டுக் கூட்டம் வரை போகிறது. "நம்ம ஆஸ்பத்திரியில் நமக்கே இடமில்லை, இவர்களிடமாவது காசு வாங்கினால் என்ன?" என்று யாராவது கேட்கிறார்கள், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இலவசம் என்று எதுவும் கிடையாது, யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே வசூலிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆள் நல்ல உடம்போடு வேலை செய்யும்போது, சம்பளக் கணக்கில் வசூலிக்க வேண்டும். காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நிற்கும்போது கை நீட்டினால் பணமும் தேறாது, நோயும் அடங்காது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான கணக்கும் வழிமுறையும்.

முதலில் கணக்கு. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒரு செக்கிங் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலை 1 முதல் இருக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விகிதப்படி தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். அவர் சம்பளத்தில் 113 ரூபாய் பிடித்தம் ஆகிறது, கம்பெனி 488 ரூபாய் போடுகிறது. மாதம் 600 ரூபாய்ச் சொச்சம். வருடத்துக்கு 7,200 ரூபாய்க்குக் குறையாது. நாற்பது பேர் உள்ள யூனிட் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 2.9 லட்சம். இந்தப் பணம் ஆள் எந்த ஊர் என்று பார்த்துப் பிடிக்கப்படுவதில்லை. பாட்னாக்காரருக்கும் பல்லடத்துக்காரருக்கும் ஒரே சதவீதம். பெரும்பாலும் இருபது முப்பது வயதுக்காரர்கள் என்பதால், கட்டுவதைவிடக் குறைவாகவே அவர்கள் வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஆக "வெளியூர்க்காரனிடம் வைத்தியத்துக்குக் காசு வாங்கு" என்று கேட்பவர், ஏற்கனவே வாங்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. இ.எஸ்.ஐ. மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை மாநில அரசும் ஏற்கிறது என்பது உண்மை. மீதி ஏழு பங்கும் சம்பளக் கணக்கில் கட்டிய பணம்தான்.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பணம் போகிறது, எண் கைக்கு வருவதில்லை. இ.எஸ்.ஐ.யில் சேர்த்ததும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று உருவாகிவிடும். வாழ்நாள் முழுக்க அதே எண், கம்பெனி மாறினாலும் மாறக்கூடாது. நடப்பில், ஆள் அடுத்த கம்பெனிக்குப் போனதும் பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுகிறார்கள், ஆபீஸில் அது இரண்டு நிமிட வேலை என்பதால். அதனால் என்ன ஆகிறது தெரியுமா? உடம்பு சரியில்லாமல் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தரும் சலுகை, அதற்கான காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான் கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் வரை கிடைக்கும். அதற்கு இரண்டு வருடத் தொடர்ச்சி வேண்டும். எண் மாறினால் அந்தத் தொடர்ச்சி காகிதத்தில் அறுந்துபோகிறது. மூன்று கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்தவர், கணக்குப்படி ஆறு மாதத்துப் புது ஆளாக நிற்கிறார். பிறகு அவர் அரசு ஆஸ்பத்திரி வரிசைக்கு வருகிறார். நாமோ "இலவசத்துக்கு வந்துவிட்டான்" என்கிறோம்.

விபத்துக்கும் இதே கதைதான். பவர் டேபிளில் ஊசி விரலில் ஏறுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. பக்கத்து கிளினிக்கில் ஒரு டி.டி. ஊசி, ஒரு கட்டு, கையில் இருநூறு ரூபாய், இரண்டு நாள் லீவு என்று முடித்துவிடுகிறார்கள். ஊசி முனை எலும்பில் தங்கி விரல் சீழ் வைத்தால், விபத்து நடந்ததற்கே பதிவு இருக்காது. வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா என்ற நிபந்தனையே கிடையாது. சேர்ந்த முதல் நாளே காயம் பட்டாலும் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. வேலைக்கு வரும் வழியில், போகும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். கம்பெனி செய்ய வேண்டியது விபத்து அறிக்கையை அன்றே ஆன்லைனில் ஏற்றுவது, அவ்வளவே. முதலாளிக்கு இதில் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை.

சம்பளத்தில் பிடிப்பது, ஆஸ்பத்திரி வாசலில் பிடிப்பது என்ற இரண்டு முறையையும் ஒரே நேரத்தில் செய்து பார்த்த நாடு இங்கிலாந்து. நம் ஏற்றுமதியாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கப் போவதால் முதல் முறை திருப்பூருக்கும் தெரிந்ததே: விசா வாங்கும்போதே வருடத்துக்கு இவ்வளவு என்று சுகாதாரக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். 2015இல் 200 பவுண்டாக ஆரம்பித்தது, 2024 பிப்ரவரியில் 1,035 பவுண்டானது, மாணவர்களுக்கு 776. மிக அதிகம் என்று புலம்பலாம், ஆனால் கட்டியபின் அங்கே ஆஸ்பத்திரியில் உள்ளூர்க்காரருக்குள்ள உரிமை உண்டு. இரண்டாவது முறை, கட்டணம் கட்டாத வெளிநாட்டவருக்கு ஆஸ்பத்திரியே பில் போடுவது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவருக்குச் செலவில் ஒன்றரை மடங்கு. 2017 அக்டோபர் முதல், அவசரமில்லாத சிகிச்சைக்கு முன்பணம். 2015-16இல் வெளிநாட்டவர் வகையில் கணக்கில் வந்த 28.9 கோடி பவுண்டில் 16.4 கோடி விசாவோடு வாங்கிய கட்டணம் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. ஆஸ்பத்திரிகள் எழுதிய பில்லிலோ ஏறக்குறைய பாதிதான் கைக்கு வந்தது. நோயாளி ஊருக்குப் போனபின் யார் துரத்துவது?

பணம் வராதது சின்ன நஷ்டம். வாசலில் ஆளைச் சலிக்க ஆரம்பித்ததும் யார் அகப்பட்டார்கள் என்பது பெரிய விஷயம். சிறு வயதில் ஜமைக்காவிலிருந்து வந்து 44 வருடம் லண்டனிலேயே வாழ்ந்து, வேலை செய்து, வரி கட்டிய ஒருவரிடம், காகிதம் சரியில்லை என்று புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு 54,000 பவுண்டு கேட்ட செய்தி 2018இல் அந்த நாட்டையே உலுக்கியது. வைத்தியத்துக்காகவே விமானம் ஏறி வந்தவரைப் பிடிக்கப் போட்ட வலையில் சிக்கியது பக்கத்து வீட்டுக்காரர். இங்கே கவுண்டரில் ஆதார் முகவரி பார்த்துக் கட்டணம் நிர்ணயித்தால் யார் சிக்குவார் என்று யோசித்துப் பாருங்கள். தேனியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்து பத்து வருடமாக இங்கே இருப்பவர்கள் முகவரி மாற்றியிருக்கிறார்களா? திருப்பூரில் அநேகம் பேருடைய ரேஷன் கார்டு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறது.

நம் நாட்டிலேயே இதைச் செய்து பார்த்தாயிற்று. டெல்லியின் கிழக்கு ஓரம், உத்தரப் பிரதேச எல்லையை ஒட்டி இருக்கும் குரு தேக் பகதூர் மருத்துவமனையில், 2018 அக்டோபர் 1 முதல் டெல்லி வாக்காளர் அட்டை உள்ளவருக்கு முன்னுரிமை என்று அறிவித்தார்கள். இலவச மருந்தும் பரிசோதனையும் டெல்லிக்காரருக்கு, அவசரச் சிகிச்சை மட்டும் எல்லோருக்கும் என்பது ஏற்பாடு. அதே மாதம் 12ஆம் தேதி டெல்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசு மருத்துவமனை குடியிருப்பு முகவரியைக் காட்டி ஆளைப் பிரிப்பது அரசியல் சாசனத்தின் 14, 21ஆம் பிரிவுகளுக்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம். கொரோனா காலத்தில், 2020 ஜூன் 7 அன்று, டெல்லி மருத்துவமனைகள் டெல்லிவாசிகளுக்கே என்று முதல்வர் அறிவித்ததைத் துணைநிலை ஆளுநர் மறுநாளே மாற்றினார். அதற்கும் முன்பே, 1996இல், உச்சநீதிமன்றம் மேற்கு வங்க வழக்கொன்றில் வழி காட்டியிருந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயக் கூலியை ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் அவர் தனியாரிடம் காசு கட்டிப் பிழைத்தார். அவருக்கு அரசு 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். ஆகவே வார்டுக் கூட்டத்தில் "வெளிமாநிலத்தாருக்குத் தனிக் கட்டணம்" என்று தீர்மானம் எழுதும் முன் கவுன்சிலர் இதை நினைவில் வைப்பது நல்லது: தீர்மானம் போடலாம், நிற்காது.

இனி வரிப்பண வாதம். "நம் வரியில் கட்டிய ஆஸ்பத்திரி" என்பது சரி. அந்த "நம்"மில் யார் யார் என்பதில்தான் தகராறு. ஜி.எஸ்.டி. பொருள் எங்கே வாங்கப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும் வரி. லைன் வீட்டில் இருப்பவர் சோப்பு, செல்போன் ரீசார்ஜ், செருப்பு எல்லாம் இங்கேதான் வாங்குகிறார். இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிறந்தபோது போட்ட தடுப்பூசி, பள்ளிக்கூடம், பதினெட்டு வயது வரை சோறு எல்லாம் அந்த ஊர் செலவு. உழைக்கும் வயதில் ஆள் நமக்கு வருகிறார், கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் ஊருக்குப் போய்விடுகிறார், முதுமையின் வைத்தியச் செலவோடு. வளர்த்த செலவும் வயோதிகச் செலவும் பீகாருக்கு, நடுவில் இருக்கும் விளைச்சல் திருப்பூருக்கு. 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்ட ஏற்றுமதியில் அந்த விளைச்சல் இருக்கிறது. இந்த வியாபாரத்தில் ஏமாந்தவர் நாம் என்று சொல்ல நல்ல தைரியம் வேண்டும்.

எல்லாவற்றையும்விட வலுவான காரணம் நோயே. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், ஷிப்ட் மாற்றிப் படுக்கும் பாய், சன்னல் இருந்தாலும் கொசுவுக்காக மூடியே இருக்கும்; காசநோய்க் கிருமிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை இலவசம், ஆறு மாத மருந்து இலவசம், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்குக்கு வருகிறது. நோயாளிக்குக் கொடுக்கும் நிக்ஷய் எண் நாடு முழுக்கச் செல்லும். சாத் பண்டிகைக்கு ஊருக்குப் போனாலும் அங்கேயே மருந்தைத் தொடரலாம். இவ்வளவு இருந்தும் கவுண்டரில் ஐம்பது ரூபாய் கேட்டால் என்ன நடக்கும்? அரை நாள் சம்பளம் போகும் என்று ஏற்கனவே தயங்கும் ஆள் மெடிக்கல் ஷாப்பில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு மெஷினில் போய் உட்காருவார். ஒரு மாதம் கழித்து அதே லைனில் தைப்பவரும் இருமுவார். அவர் அவிநாசிக்காரராக இருக்கலாம். வெளிநாட்டவரிடம் அவ்வளவு கறாராக வசூலிக்கும் இங்கிலாந்துகூடக் காசநோய்க்கும் எய்ட்ஸுக்கும் யாரிடமும் காசு வாங்குவதில்லை. தர்மம் செய்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள், தங்கள் ஊரைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

"இப்படித் திறந்துவிட்டால் வைத்தியத்துக்கென்றே கிளம்பி வருவார்களே" என்பது அடுத்த கேள்வி. இதற்குத் தமிழ்நாட்டில் ஏற்கனவே ஒரு வரம்பு இருக்கிறது, அது நியாயமானதும்கூட. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பது நமக்கு விதி. வெளிமாநிலத்தார் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்கிறார் என்று உரிய அதிகாரியின் சான்று இருந்தால் அவரும் சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பே கிடையாது. செலவு பெரிதாக உள்ள அறுவைச் சிகிச்சைக்கு ஆறு மாதம் கேட்பதில் தவறில்லை. அதே நிபந்தனையைக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் நீட்டினால்தான் தவறு. விபத்தைப் பொறுத்தவரை அரசே தெளிவாகச் சொல்லிவிட்டது: 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் வேறு மாநிலத்தவரானாலும் வேறு நாட்டவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். இரவு ஷிப்ட் முடிந்து இருட்டில் ஊத்துக்குளி சாலையைக் கடக்கும் ஆட்களுக்கு இதைவிட முக்கியமான தகவல் இந்தப் புத்தகத்தில் இல்லை. உறுப்பு தானம் மட்டும் வேறு கணக்கு. அங்கே பணத்தைவிட உறுப்புத்தான் அரிது. ஆகவே நாட்டவருக்கு முதலில், வெளிநாட்டவருக்குக் கடைசியில் என்ற வரிசை சரியே.

சொந்த மாநிலத்தின் ஆயுஷ்மான் பாரத் அட்டை வைத்திருப்பவர் அதை இங்கேயும் காட்டலாம். பீகார், ஜார்கண்ட், உத்தரப் பிரதேச அட்டைகள் இங்கு திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் செல்லும், ஒடிசா 2025இல் சேர்ந்தது. உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பயன், மாத்திரை சீட்டுக்கு அல்ல. அரசு ஆஸ்பத்திரியில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கட்டணம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியாரைவிட வெகு குறைவு, ஆனால் காப்பீட்டு அட்டை இல்லாத ஆள் முதல் முறையாகத் திகைத்து நிற்பது அந்த இடத்தில்தான். ஆறு மாதச் சான்றை உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி, கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் அட்டை எடுத்து வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கூட்டம் என்ற புகாருக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. கூட்டம் இருக்கிறது. தாராபுரம் சாலை அரசு மருத்துவமனை 2022இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது, 2024 பிப்ரவரியில் நூறு படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனை திறந்தது, ஆனாலும் ஊர் வளர்ந்த வேகத்துக்கு இவை போதா. கட்டணம் வைத்தால் கூட்டம் குறையும்தான், முதல் நாள் வர வேண்டிய காய்ச்சல்காரர் வராமல் இருப்பதால். அவரே ஐந்தாம் நாள் 108இல் வந்து ஒரு படுக்கையைப் பிடிப்பார். அதைவிட, 2023 ஜூன் முதல் திறந்துவரும் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரையிலும் இயங்குகின்றன என்பதை லைன் வீட்டுச் சுவரில் இந்தியில் எழுதி ஒட்டினால் பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் காஜா பட்டன் கடைகளும் இ.எஸ்.ஐ.க்குள் வருவதில்லை. என் வாதத்தில் மெலிந்த இடம் அதுதான். அவர்களின் ஆட்களுக்கு மேலே சொன்ன ஆறு மாத அட்டையே வழி. ஆனால் பதினெட்டுப் பேரை இரண்டு பெயரில் ஒன்பது, ஒன்பது என்று பிரித்துக் காட்டுபவர் அந்தச் செலவை அரசு ஆஸ்பத்திரியின் தலையில், அதாவது ஊரார் தலையில், கட்டுகிறார். இலவசத்தில் வைத்தியம் வாங்குபவர் யார் என்று தேடினால் அவர் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். காண்ட்ராக்டர் ஆள் என்று கை கழுவவும் முடியாது, சந்தாவுக்கு முதன்மைப் பொறுப்பு கம்பெனியுடையது; கட்டிவிட்டுக் காண்ட்ராக்டர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கே இது என்றாலும், ஒன்றரை ஷிப்ட் பார்த்துத் தொகை அதைத் தாண்டினால் ஆளை நீக்கிவிடாதீர்கள். ஓவர்டைம் தொகை உச்சவரம்புக் கணக்கில் வராது. சந்தா மட்டும் அதற்கும் கட்ட வேண்டும்.

ஆள் வேலைக்குச் சேரும் நாளில் ஆபீஸில் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. முன்பு எங்கே வேலை பார்த்தார், பழைய இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று கேளுங்கள். மறந்திருந்தால் போனில் பழைய எஸ்.எம்.எஸ். தேடச் சொல்லுங்கள். எண் இல்லையென்றால் பத்து நாளுக்குள் பதிய வேண்டும், முதல் நாளே பதிந்தால் வம்பில்லை. நேபாளி என்றால் தயங்க வேண்டாம், இ.எஸ்.ஐ.யில் குடியுரிமை நிபந்தனை எதுவும் இல்லை. குடும்பத்தார் பெயரை விடாமல் சேருங்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்தால், அங்கே இ.எஸ்.ஐ. மருந்தகம் உள்ள பகுதியாக இருக்கும்பட்சத்தில் அதையே அவர்களுக்குக் குறிக்கலாம். அடையாளத் தாளை அச்சடித்து, லேமினேட் செய்து, ஒன்றை ஆளிடமும் ஒன்றை டைம் ஆபீஸிலும் வையுங்கள். கையில் இருப்பது தொலையும். ஆகவே பத்து இலக்கத்தையும் போன் கவருக்குள் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செருகி விடுங்கள், கூடவே இரத்த வகையும் டைம் ஆபீஸ் போன் எண்ணும்.